பரீட்சைச் சாவு

செம்பொட்டலில் பிள்ளைகள் காலேஜ் பரீட்சை எழுதப் போகிற நாளில் வீட்டில் தாயோ தகப்பனோ இறந்துபோவது வழக்கமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கேள்வித்தாள் கொடுக்கிற நேரத்துக்குச் சரியாக உயிர் போகும், பிள்ளை பாதியில் எழுந்து ஊருக்கு ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்து கூப்பிட்டு அழுததும் திரும்பி வரும், எழுந்தவர் முதலில் தண்ணீர் கேட்பார், அப்புறம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார், அங்கே பிள்ளையின் பரீட்சை போனது போனதுதான். ஏன் இப்படி நடக்கிறது என்று ஆரம்பத்தில் சிலர் கேட்கத்தான் செய்தார்கள். குலசாமி கோயிலில் குறி கேட்டபோது சாமி பதில் சொல்லாமலே மலையேறிவிட்டது. அதற்குப் பிறகு காரணம் கேட்பதை விட்டுவிட்டு, செத்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பழகிக்கொண்டார்கள்.

பந்தல்கால்களைப் பிடுங்காமல் ஊர்ப் பொதுவில் அப்படியே நட்டுவைத்தார்கள். செத்தவரின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதை நிறுத்தினார்கள், ஏனென்றால் அப்படிக் கட்டப்பட்டிருந்த ஒருவர் மகனின் குரல் கேட்டு எழுந்த வேகத்தில் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். தாடைக்குத் துணி கட்டுவதையும் நிறுத்தினார்கள், தண்ணீர் கேட்க வாய் வேண்டும். கொட்டுக்காரர்கள் வருவார்கள், கொட்டு மேளத்தைத் தீயில் காய்ச்சாமல் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முதல் சாவுக்கு மாலையோடு வந்தார்கள், அடுத்த சாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள், அப்புறம் போனில் "எந்திரிச்சிட்டாகளா" என்று விசாரிப்பதோடு விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கத்தோடு பரீட்சை அட்டவணையையும் பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நாடி பார்த்து, கண்ணில் டார்ச் அடித்து, உயிர் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களா" என்று கேட்பார்.

இவ்வளவும் பழகியது. பயம் மட்டும் பழகவில்லை. அதற்குப் பூமயிலின் கை காரணம்.

இப்படி முதலில் செத்தவள் பூமயில்தான். அவள் மகன் அழகுராசா டவுன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அந்த முதல் தடவை இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அவனுக்குச் சொல்லி அனுப்பிய ஆள் வழி தெரியாமல் சுற்றி, அவன் பரீட்சையை எழுதி முடித்து, நண்பர்களோடு சிரித்துப் பேசி, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்து இறங்கியபோது பாடை தயாராக இருந்தது. அவன் விழுந்து அழுததும் பூமயில் எழுந்துவிட்டாள். ஆனால் இடது கை எழவில்லை. அது சில்லென்று அவள் மடியில் கிடந்தது, நகம் நீலமாக இருந்தது, எந்த வைத்தியத்துக்கும் சூடு ஏறவில்லை, சோறு பிசையும்போதும் முந்தானை சரிசெய்யும்போதும் அந்தக் கையை அவள் யாரோ கொடுத்துவைத்த பொருளைப் போல எடுத்து ஓரமாக வைத்துக்கொள்வாள். பிள்ளை உடனே ஓடிவந்தால் ஒன்றும் போகாது, வரத் தாமதமானால் தாமதத்துக்குத் தக்கபடி ஒன்று போகும், போனது திரும்பாது என்று ஊர் தெரிந்துகொண்டது. அழகுராசா மறுபடி காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. மாணவனாக மிதிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் ஒரு பழைய வேன் வாங்கி, பரீட்சை நாட்களில் காலேஜ் கேட்டுக்கு வெளியே வண்டியை ஊரைப் பார்த்துத் திருப்பி நிறுத்திக்கொண்டு, பாதியில் எழுந்துவரும் செம்பொட்டல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறந்துவருவதையே தொழிலாக வைத்துக்கொண்டான்.

மில்லுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் தாய் தகப்பன் யாரும் சாகவில்லை. கல்யாணம் ஆகிப்போன பிள்ளைகளுக்காகவும் யாரும் சாகவில்லை. அதனால் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளை ஊர் மில்லுக்கு அனுப்பியது, பதினெட்டு முடிந்த பெண்களுக்கு மாப்பிள்ளை பார்த்தது, காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நாகஜோதி ஒருத்தி மட்டும் மிச்சம் இருந்தாள்.

அவள் அப்பா வில்லாயுதம் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்துவிட்டு, அது கரியாகும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டும். எங்காவது மண் விரிசல் விட்டால் உடனே அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும். அவர் நாகஜோதிக்காகச் செத்த சாவுகளை ஊர் எண்ணுவதை விட்டுவிட்டது. பரீட்சை ஆரம்பித்து அரைமணி நேரம் யாரையும் வெளியே விடமாட்டார்கள் என்பதால் அந்த அரைமணியில் அவள் பேய் பிடித்தவளைப் போல எழுதுவாள், எழுதித் தள்ளிவிட்டு எழுந்து ஓடுவாள், அழகுராசா வண்டியைக் கிளப்புவான், ஊர் எல்லை வரும்போதே அவள் அப்பாவை "அய்யா, அய்யா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். அரைமணி எழுத்திலேயே சில பரீட்சைகளில் பாஸ் ஆகியிருந்தாள். மற்றதெல்லாம் அரியராகக் குவிந்து மூன்றாம் வருஷக் கடைசிக்கு வந்து நின்றது.

அப்போதுதான் சகாய மேரி செம்பொட்டலுக்கு வந்தாள். அவள் அந்தக் காலேஜில் வேதியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். முதல் வருஷம் நிறைந்திருக்கிற பெஞ்சுகள் மூன்றாம் வருஷத்தில் பின்னாலிருந்து காலியாகிக்கொண்டே வருவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், நின்றுபோன, பரீட்சையைப் பாதியில் விடுகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு லீவு நாட்களில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். வில்லாயுதத்தின் வீட்டு வாசலில் குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்து, நல்லாப் படிக்கிற பிள்ளை ஏன் ஒவ்வொரு பரீட்சையிலும் பாதியில் எழுந்து ஓடுகிறது என்று கேட்டாள்.

"அவுக செத்துப்போயிருறாக டீச்சர்" என்றாள் நாகஜோதியின் தாய் இருளாயி.

சகாய மேரி வில்லாயுதத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு விரலில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எப்போ?"

"பரீட்சை அன்னிக்கெல்லாம்."

 சகாய மேரி நம்பவில்லை என்று சொல்லவில்லை. இப்படிப் பஸ் ஏறிப் போன வீடுகளில் அவள் கேட்டிருந்த காரணங்களில் இது ஒன்றும் பெரிய அதிசயமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்த ஏப்ரல்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுது. அரியரை எல்லாம் இந்தத் தடவை எழுதி முடிக்கலைன்னா இத்தனை வருஷம் படிச்சதும் இல்லைன்னு ஆயிரும். அரைமணியில எழுதுற பரீட்சை இல்லை அது. முழுசா உக்காரணும்."

"முழுசுன்னா எம்புட்டு நேரம்?" என்று இருளாயி கேட்டாள்.

"மூணு மணி நேரம்."

இருளாயி வாசலில் ஈரம் காயாமல் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமயில் ஒரு பகல் முழுக்கச் செத்துக் கிடந்தாள். அதில் காலேஜுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு, பஸ்ஸுக்குக் காத்த நேரம் எவ்வளவு என்று இருளாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். "தூரந்தான் டீச்சர் ரொம்ப இழுக்குது" என்றாள். "இவுகளை நாங்க அங்கிட்டே கொண்டாந்துட்டா? இவ எழுதி முடிச்சதும் வாசலுக்கு வந்தாப் போதும்ல?"

அந்தப் பேச்சு ஊருக்குள் பரவியபோது ஊர் இரண்டு நாள் வேறெதுவும் பேசவில்லை. மூன்று மணி நேரத்துக்கு என்ன போகும் என்பதுதான் பேச்சு. ஒரு நகம் போகும் என்றார்கள் சிலர். ஒரு விரல் என்றார்கள் சிலர். கண்ணாக இருந்தால் என்ன செய்வது, மூட்டத்தில் விரிசலைப் பார்க்கிறவனுக்குக் கண்தானே எல்லாம் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அழகுராசா இருளாயியிடம் வந்து, "வேணாம்த்தா" என்றான். "எங்க ஆத்தா கையை நான் தினமும் தேச்சுவிடுறேன். நான் அன்னிக்கி எழுதுன பரீட்சையில பாஸு. அந்த மார்க்கை வச்சு நான் என்ன பண்ணேன்?" ஆனால் பூமயில் தன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மகனைப் பார்க்காமல், "போனது என் கை. நான் உன்னைப் படிக்க வேணாம்னு சொன்னேனா?" என்று கேட்டாள். அழகுராசா வண்டிக்குப் போய் எஞ்சினைத் திறந்து எதையோ துடைத்துக்கொண்டு நின்றான். மறுநாள் வந்து, தானே ஓட்டுவதாகச் சொன்னான்.

காலேஜில் சகாய மேரி முதல்வரிடம் பேசினாள். முதல்வர் முதலில் சட்டவிதிகளைப் பார்த்தார்; பரீட்சை ஹாலுக்கு அருகே பிணம் வைக்கக் கூடாது என்று எதிலும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒப்பாரி வைக்கக் கூடாது, மற்ற மாணவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும். ஹாலுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சும், வெயில் வந்தால் மறைக்க ஒரு தார்ப்பாயும் தருவதாகச் சொன்னார்கள்.

முதல் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் வில்லாயுதத்தைக் காணவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டு நாகஜோதி மூட்டத்துக்குப் போனபோது அவர் புகைக்கு அந்தப் பக்கம், கட்டை அடுக்குக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்மூட்டத்தின் தலையில் ஒரு விரிசலில் புகை நீலமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் அதை அடைக்காமல் இருந்தார். நாகஜோதி மண்வெட்டியை எடுத்து அதை அடைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காய்யா?"

 இத்தனை சாவுக்கும் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"அங்க ஒன்னுமே இல்லத்தா" என்றார். "மூட்டத்துக்குள்ள போயி நின்ன மாதிரி இருக்கும். சூடு கெடையாது. இருட்டும் இல்ல, வெளிச்சமும் இல்ல. நீ யாருன்னு கேக்க ஒரு ஆளு இருக்காது. அப்ப ஒரு பயம் வருது பாரு, அது மாதிரிப் பயத்தை நான் இங்க பட்டதே இல்ல. பாம்பு கடிச்சப்பகூட அப்பிடி இல்ல. வாயில ஒரே ஒரு சொல்லுதான் கெடக்கும், உன் பேரு. அதைச் சொல்லிக்கிட்டே இருப்பேன். நான் வேணும்னு கூப்புடலத்தா. வாயி தானா கூப்புடுது."

"நாளைக்கி நான் போகலய்யா."

"போ." அவர் தூக்கை வாங்கி மூடியைத் திறந்தார். "நான் கூப்புடுவேன். கூப்புடாம இருக்க எனக்குத் தெரியாது. நீ அதைக் கேட்டுக்கிட்டே எழுது."

மறுநாள் காலையில் வில்லாயுதம் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தானே நடந்துபோய் வேனில் ஏறினார். பிணத்தை ஏற்றிப் போவதைவிட ஆளை ஏற்றிப் போவது நல்லது என்று இருளாயி சொல்லியிருந்தாள். ஊரில் பாதிப் பேர் வேனைச் சுற்றி நின்றார்கள். என்ன சொல்லி வழியனுப்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. போயிட்டு வாங்க என்று ஒருவர் சொன்னார், சொல்லிவிட்டு அவரே பின்னுக்கு நகர்ந்துகொண்டார். காலேஜ் வேப்பமரத்தடியில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற மாணவர்களை எல்லாம் பார்த்தார். நாகஜோதி ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் முகத்தைப் பார்த்தார், அவள் நெற்றியை, காதை, மோவாயை, மண்மூட்டத்தில் விரிசல் தேடுவதைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பேனா எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். அதுதான் அவர் அவளிடம் கேட்டது.

மணி அடித்தது. கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டு வந்த சார் நாகஜோதியின் மேசைக்கு வருவதற்குள், சன்னலுக்கு வெளியே இருளாயி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்வதை அவள் பார்த்தாள். அழகுராசா அவரைத் தாங்கிப் பெஞ்சில் படுக்கவைத்தான். சகாய மேரி, நாகஜோதியின் கண்ணுக்குப் பெஞ்சு தெரியாதபடி, தன் முதுகைச் சன்னலுக்குக் காட்டி நின்றுகொண்டாள்.

நாகஜோதி முதல் கேள்வியைப் படித்தாள். அப்போது அவள் அந்தக் குரலைக் கேட்டாள்.

இதுவரை அவள் அதைக் கேட்டதில்லை. இதுவரை அப்பா செத்த செய்திதான் வரும்; அவர் கூப்பிடுவது கேட்கிற அளவுக்கு அவள் பக்கத்தில் இருந்ததில்லை. இப்போது மின்விசிறிச் சத்தத்துக்கு அடியிலிருந்து, தாள் புரள்கிற சத்தத்துக்கு அடியிலிருந்து, நாகசோதி, நாகசோதி என்று, ஜோவைச் சோ என்றே சொல்லிப் பழகிய அந்தக் குரல் கூப்பிட்டது. பக்கத்தில் யாரும் தலைநிமிரவில்லை. அந்தக் குரலில் அப்பா இல்லை. கூட்டத்தில் கைநழுவிய குழந்தை ஒன்று இருந்தது. கடைத்தெருவில் தாயைத் தவறவிட்டு, இந்தப் பக்கம் ஓடுவதா அந்தப் பக்கம் ஓடுவதா என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்று கத்துகிற குழந்தை. அவள் எழுந்துவிட்டாள். எழுந்தவளைக் கண்காணிப்பு சார் பார்த்தார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அவள் எழுதினாள். நாகசோதி என்று கூப்பிட்டது, அவள் வினையை எழுதினாள். நாகசோதி என்று கூப்பிட்டது, அவள் விளைபொருளை எழுதினாள். கண்ணீர் தாளில் விழுந்து மை கலங்கியது, அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். அரைமணி நேரம் கடந்தபோது, எப்போதும் எழுந்து ஓடுகிற அந்த நேரத்தில், அவள் கால்கள் தாமாக எழப்பார்த்தன. பெஞ்சின் குறுக்குக் கட்டையில் பாதங்களைப் பின்னிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆனபோது அந்தக் குரல் பெயரை முழுசாகச் சொல்லவில்லை. நாக, நாக என்றது. பின்பாதி எங்கோ விழுந்துவிட்டது போல, தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இருப்பதை வைத்துக் கூப்பிட்டது.  விரல் போகுமா, கண் போகுமா என்று ஊர் பேசியதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. இப்போது எழுந்து ஓடினால் மிச்சமாவது நிற்கும். கேட்டுக்கிட்டே எழுது என்று சொன்னது இந்தக் குரலா, வேறு குரலா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. எழுதினாள். அப்புறம் நா, நா என்று மட்டும் கேட்டது, மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் போல, பொருள் எதுவும் இல்லாமல். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

குரல் இருந்தபோது இருந்த பயத்தைவிட அது நின்ற பிறகு வந்த பயம் பெரிதாக இருந்தது. கடைசிக் கேள்வி முழுக்க அவள் அந்த அமைதிக்குள் உட்கார்ந்து எழுதினாள். நீளமான விடை அது, படம் வரைய வேண்டும், வரைந்தாள். மணி அடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அவர் தார்ப்பாய் நிழலில் கிடந்தார். உதட்டோரம் எறும்பு ஊர்ந்தது, இருளாயி அதைத் தட்டிவிட்டாள். நாகஜோதி தலைமாட்டில் உட்கார்ந்து "அய்யா" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி "அய்யா" என்றாள். இருளாயி அவள் தோளைப் பிடித்து இறுக்கினாள், வாயில் அடைத்த முந்தானையை எடுக்காமலே. அழகுராசா தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.  நாகஜோதி அவர் நெஞ்சில் தலையை வைத்து, குரல் உடைய, அய்யா அய்யா அய்யா என்று நிறுத்தாமல் கூப்பிட்டாள், முதல்வரின் நிபந்தனை யாருக்கும் நினைவில் இல்லை.

வில்லாயுதம் கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்டார். சகாய மேரி பாட்டிலை நீட்டினாள், குடித்தார். கிழமை கேட்டார், சொன்னார்கள். இருளாயி வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், எல்லாம் மடங்கின. கால்களை நீட்டச் சொன்னாள், நீட்டினார். ஒரு கண்ணைப் பொத்தி, அந்த மரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டாள், காக்கா என்றார். மறு கண்ணைப் பொத்திக் கேட்டாள். அதே காக்காதான் என்றார், அலுப்பாக. நகம்கூட நீலம் பாரிக்கவில்லை. இருளாயி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"என்னடி இது, டீச்சரம்மா எல்லாம் நிக்கிறாக" என்று அவர் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தார். அழகுராசாவைப் பார்த்து, "வண்டி எங்கப்பா நிக்குது" என்றார். அப்புறம், தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாகஜோதியை அப்போதுதான் கவனித்தவராக, கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டு, இருளாயியிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்தப் பிள்ளை யாரு? ஏன் அழுகுது?"

வேன் ஊருக்குத் திரும்பிய வழியெல்லாம் இருளாயி அவருக்கு எடுத்துச் சொன்னாள். பிறந்த வருஷத்தைச் சொன்னாள், மஞ்சள்காமாலை வந்து தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பொய் சொல்கிறாள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் வேறு யாருடைய வீட்டுக் கதையையோ கேட்கிறவரைப் போல, நடுநடுவே "அப்பிடியா" என்றார். விடிந்தபோது சொன்னது எதுவும் அவரிடம் தங்கவில்லை, மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. யாருக்கு எந்தப் பயம் வந்ததோ அதன்படி நடந்துகொண்டார்கள். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை இனிமேல் காலேஜ் பக்கமே விடமாட்டோம் என்றார்கள். வேறு சிலர் வில்லாயுதத்திடம் வந்து, வலித்ததா என்று கேட்டார்கள், "என்னது வலிக்கும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மில்லிலிருந்து தன் மகளைத் திருப்பி அழைத்துவந்து, ஜூன் மாதம் விண்ணப்பம் போட வேண்டும் என்று சகாய மேரிக்குப் போன் செய்தாள் ஒருத்தி. கடைசித் தேதியை இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

மற்ற பரீட்சை நாட்களில் வில்லாயுதம் சாகவில்லை. அடுத்த பரீட்சைக்கும் பெஞ்சு போட்டார்கள், தார்ப்பாய் கட்டினார்கள், மணி அடித்தபோது எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர் பாக்கு மென்றுகொண்டிருந்தார். சாவதற்கு அவருக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை, பயந்து கூப்பிட அங்கே பெயரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் மூட்டத்துக்கே போய்விட்டார். நாகஜோதி எல்லாப் பரீட்சைகளையும் முழுசாக உட்கார்ந்து எழுதினாள், மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் எந்தக் குரலும் இல்லை, சில நேரம் அவள் பேனாவை நிறுத்திவிட்டு அந்த இடத்தை உற்றுக் கேட்பாள். வீட்டில் அவர் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார். வயசுப் பிள்ளை இருக்கிற வீடு என்று வெளியே கட்டில் போட்டுப் படுத்தார். உள்ளே வரும்போது செருமிவிட்டு வந்தார்.

கடைசிப் பரீட்சை முடிந்து வந்த அன்று வேன் மூட்டத்தடியில் நின்றது. வில்லாயுதம் வேலை முடித்துக் கரி படிந்த கையோடு ஏறினார். வண்டியில் நாகஜோதியைத் தவிர யாரும் இல்லை. அவர் எதிர் சீட்டில் உட்கார்ந்து, மடியில் புத்தகங்களோடு இருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

"பரீட்சையெல்லாம் முடிஞ்சிருச்சாத்தா?"

"முடிஞ்சிருச்சு."

"நல்லா எழுதுனியா?"

"நல்லா எழுதியிருக்கேன்."

"நம்ம ஊருல ஒரு பிள்ளை முடிச்சிருச்சுன்னு டீக்கடையில எல்லாரும் அதைத்தான் பேசுறாக. எனக்கே சந்தோசமா இருக்கு." கொஞ்ச தூரம் வண்டி ஓடியது. அழகுராசா கண்ணாடியில் பின்னால் பார்த்தான், உடனே ரோட்டைப் பார்த்தான். "உங்கய்யா என்ன வேலை பாக்குறாரு?"

நாகஜோதி அவரைப் பார்த்தாள்.  இத்தனை நாளும் இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். கேட்ட பிறகு அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"கரிமூட்டம் போடுறாரு."

"நம்ம தொழில்தானா" என்று அவர் முகம் மலர்ந்தது. எழுந்து, ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சன்னலோரச் சீட்டிலிருந்த கரியைத் துண்டால் தட்டித் துடைத்து, தான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"இங்கிட்டு வந்து உக்காரு தாயி. அந்தப் பக்கம் வெயிலடிக்குது."